மூக்கில் கட்டி, குடலில் எதற்குச் சோதனை?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61, தச்சு வேலை. எட்டு மாதமாக இடது மூக்கு மட்டும் அடைப்பு, சளியில் ரத்தத் திட்டு. முதலில் பார்த்தவர் சதை வளர்ச்சி என்று ஸ்பிரே கொடுத்தார், கேட்கவில்லை. அடுத்த டாக்டர் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு பயாப்ஸி செய்தார். ‘அடினோகார்சினோமா, குடல் வகை’ என்று ரிப்போர்ட். இப்போது ஏதோ சாயப் பரிசோதனையும் கொலனோஸ்கோபியும் வேண்டும் என்கிறார். பணம் பிடுங்கும் வேலையா? அண்ணனும் அதே பட்டறையில்தான் இருக்கிறார். – வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லையம்மா. கொலனோஸ்கோபி கேட்காமல் விட்டிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

மூக்கின் உள்சவ்வில் சளி சுரக்கும் நுண்சுரப்பிகள் நிறைய உண்டு. சுரப்பித் திசுவின் சாயலில் வளரும் புற்றுநோய்க்குத்தான் அடினோகார்சினோமா என்று பெயர். மூக்கில் இது அபூர்வம். அதிலும் ஒரு வகை, மைக்ரோஸ்கோப்பில் பெருங்குடல் புற்றை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். எங்கே எடுத்த சதை என்று சொல்லாமல் ஸ்லைடை மட்டும் நீட்டினால், பழம் தின்று கொட்டை போட்ட பேத்தாலஜிஸ்ட்கூட ‘குடல்’ என்றுதான் சொல்வார்.

சரி, சாயம் ஏற்றிப் பார்த்தால் தெரியாதா? திசுவில் எந்தப் புரதம் இருக்கிறது என்று காட்டுபவை இந்தச் சாயங்கள். அவற்றில் சி.கே.20, சி.டி.எக்ஸ்.2 என்ற இரண்டும் பெரும்பாலும் மூக்கு, குடல் இரண்டு புற்றிலுமே ஏறும். சி.கே.7 ஏறினால் மூக்கிலேயே தொடங்கியது என்ற பக்கம் கொஞ்சம் சாயலாம், அவ்வளவுதான். குடலில் கிளம்பிய புற்று மூக்குக்கு வருவது மிக அரிது. ஆனால் வந்திருந்தால் சிகிச்சையே வேறு. அதனால்தான் குடலை நேரில் பார்த்துவிடுகிறார்கள்.

அப்பா தச்சர் என்பதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் நாளைக்கே சொல்லுங்கள். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. 1960களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்டு, இந்த அபூர்வக் கட்டியோடு வருகிறவர்கள் மரப்பட்டறை ஆட்களாகவே இருப்பதைக் கவனித்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1968இல் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். 1995இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. தூள் பட்டவுடன் வருகிற நோயல்ல இது. பல பத்தாண்டுகள் கழித்து வரும். இருபது வயதில் இழைப்புளி பிடித்தவருக்கு அறுபதில்.

ஸ்பிரே கொடுத்தவர்மேல் எனக்கு வருத்தம்தான். சாதாரணச் சதை வளர்ச்சி பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். ஒரே பக்கம் அடைப்பு, கூடவே ரத்தம் என்றால் குழாய் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். இரண்டாமவர் ஸ்கேனுக்குப் பிறகு சதை எடுத்ததும் சரியான வரிசை. மூக்குக்குள் தெரிவது ரத்தக்குழாய்க் கட்டியாகவோ, மூளைச் சவ்வு கீழே இறங்கியதாகவோகூட இருக்கலாம். பார்க்காமல் கிள்ளினால் ஆபத்து.

இன்னும் எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை என்றால் கேளுங்கள். தச்சர்களுக்கு இது பெரும்பாலும் இரு கண்களுக்கும் நடுவே உள்ள சல்லடை எலும்புப் பகுதியில்தான் தொடங்கும். அதற்கும் மூளைக்கும் இடையே மெல்லிய எலும்புத் தகடு ஒன்றுதான். அது தாண்டியிருக்கிறதா, சி.டி.யில் தெரிந்தது முழுக்கக் கட்டியா அல்லது பாதி தேங்கிய சளியா என்பதை எம்.ஆர்.ஐ.தான் பிரித்துக் காட்டும். அப்புறம், பயாப்ஸி செய்த இடத்தில் ஸ்லைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். வெறும் ரிப்போர்ட் காகிதம் போதாது. பொதுவாக அறுவை, பிறகு கதிர்வீச்சு என்றுதான் போகும்; அதை முடிவு செய்ய இவை எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

அண்ணன் பயந்து வேலையை விட வேண்டாம். மெஷின் பக்கத்தில் தூள் உறிஞ்சும் குழாயும், முகத்தில் இறுக்கமான மாஸ்க்கும் வேண்டும். தோளில் கிடக்கும் துண்டு போதாது. சாயங்காலம் கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பக்க மூக்கு மூன்று வாரம் அடைத்தே கிடந்தால், ஸ்பிரே வாங்க மெடிக்கல் ஷாப்புக்குப் போகாமல் அப்பாவைப் பார்க்கும் டாக்டரிடமே போகட்டும்.