பழைய எம்எக்ஸ்-5 காருக்கு டர்போ: எந்த ஈசியூ வாங்குவது?

கேள்வி: இங்கிலாந்தில் இருக்கிறேன். 1990 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் வைத்திருக்கிறேன். டர்போ மாட்டி 200 குதிரைத்திறன் வரை கொண்டுபோக ஆசை. எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டியான ஈசியூவுக்கு மெகாஸ்க்வர்ட், எம்ஈ221, லிங்க், ஹால்டெக் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்:

காரை ஓட்டிக்கொண்டு போய்வரக்கூடிய தூரத்தில், ரோலிங் ரோடு (கார் நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் சக்கரம் சுழல, எஞ்சினைச் சோதிக்கும் மேடை) வைத்திருக்கும் நல்ல டியூனர், அதாவது ஈசியூவைச் சீரமைப்பவர், யார் என்று முதலில் விசாரியுங்கள். அவர் கை எந்த ஈசியூவில் பழகியிருக்கிறதோ அதையே வாங்குங்கள். நீங்கள் சொன்ன நாலுமே இந்த எஞ்சினை நன்றாக ஓட்டக்கூடியவைதான். ஆனால் மேப் (எப்போது எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று ஈசியூவுக்குச் சொல்லும் அட்டவணை) போடத் தெரிந்த ஆள் இல்லாமல் பெட்டியை வாங்குவது, சமையல்காரரைப் பேசி முடிக்காமல் அண்டா குண்டா வாங்கி அடுக்குவது மாதிரி. உங்கள் டியூனர் லிங்க் ஆள் என்றால் லிங்க். எம்ஈ221 ஆள் என்றால் அது. இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

சரி, ஒரிஜினல் ஈசியூவையே வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். தொண்ணூறுகளில் பலர் அப்படித்தான் செய்தார்கள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தைப் பல மடங்கு கூட்டும் ரெகுலேட்டர் ஒன்று, இக்னிஷனை, அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தை, பின்தள்ளும் சின்னப் பெட்டி ஒன்று. குறைந்த பூஸ்டில் ஓடும், அதில் சந்தேகமில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பெரிதாகப் போட்டு, உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரின் சிக்னலைக் குறைத்துக் காட்டும் பிக்கிபேக்கில்தான் (ஒரிஜினல் ஈசியூவோடு ஒட்டிப் போடும் கூடுதல் பெட்டி) ஆபத்து. காற்று குறைவாக வருகிறது என்று நம்பும் ஈசியூ, எஞ்சினுக்குச் சுமை குறைவு என்று கணக்குப் போட்டு இக்னிஷனை முன்னால் தள்ளும். பூஸ்டில் இருக்கும் எஞ்சினுக்கு வேண்டியது நேர் எதிர். நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) அங்கேதான் தொடங்கும், பிஸ்டனும் அங்கேதான் போகும். 200 குதிரைத்திறனுக்கு இந்த வழி வேண்டாம்.

1.6 காரின் ஏர் ஃப்ளோ மீட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த ஈசியூ வாங்கினாலும் வேலை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கும் பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு கதவு உண்டு. காற்று தள்ளத் தள்ள அது திறக்கும். முழுக்கத் திறந்துவிட்டால், அதற்கு மேல் டர்போ எவ்வளவு காற்றை இழுத்தாலும் அளவு மாறாது. போதாததற்குக் காற்றுக்கே அது ஒரு தடை. அதனால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேனிஃபோல்டு (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தம், காற்றின் சூடு, எஞ்சின் சுற்று மூன்றையும் வைத்துக் கணக்கிடும் முறைக்குப் போவதுதான் எல்லோரும் செய்வது.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இக்னிஷனை ஆன் செய்துவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், ரப்பர் குழாயை விலக்கி அந்தக் கதவை விரலால் தள்ளுங்கள். காரின் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் முனகும். பம்ப்புக்கான சுவிட்ச் அந்த மீட்டருக்குள்ளேதான் இருக்கிறது. காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரும் அதற்குள்தான். மீட்டரைத் தூக்கிப் போட்டால் இரண்டும் சேர்ந்து போகும். ஆகவே நீங்கள் வாங்கும் பிளக்-இன் ஈசியூ பம்ப் ரிலேயை எப்படி இயக்குகிறது, தனியாக ஏர் டெம்பரேச்சர் சென்சார் கூட வருகிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். ‘பிளக் அண்ட் ப்ளே’ என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

இதே மாதிரி இன்னொன்று த்ராட்டில் சென்சார். மேனுவல் கியர் 1.6இல் இருப்பது வெறும் சுவிட்ச். கால் எடுத்திருக்கிறதா, முழுக்க மிதித்திருக்கிறதா, இரண்டு மட்டும்தான் அதற்குத் தெரியும். கால் மெதுவாக இறங்குகிறதா சட்டென்று இறங்குகிறதா என்று புது ஈசியூ அறிய, நடுவிலுள்ள எல்லா நிலைகளையும் சொல்லும் சென்சார் வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் காரிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள்.

அடுத்து, ஈசியூவுக்குக் காசு கட்டுவதற்கு முன் டார்ச் எடுத்துக்கொண்டு கிராங்க் புல்லியை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முன்முனையில் உள்ள சக்கரத்தை, பாருங்கள். நடுவில் நாலு வெட்டு தெரிந்தால் உங்களுடையது பழைய ‘ஷார்ட் நோஸ்’ கிராங்க். எட்டு வெட்டு என்றால் 1991 வாக்கில் வந்த திருத்தப்பட்டது. உங்களுடையது 1990 கார் என்பதால் நாலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தக் கிராங்கில் புல்லியைப் பிடிக்கும் ‘கீ’ என்ற சின்ன உலோகத் துண்டு தேய்ந்து, புல்லி ஆட்டம் கொடுத்து, டைமிங்கே நகர்ந்துவிடும் குறை பிரசித்தம். ஆட்டம் இருந்தால் டர்போ, ஈசியூ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். உலகத்தின் சிறந்த ஈசியூவுக்கும் கிராங்க் எங்கே நிற்கிறது என்று சரியாகத் தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் தகவலை இந்தக் காரில் தருவது, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டின் பின்முனையில் மாட்டியிருக்கும் கேம் ஆங்கிள் சென்சார். கிராங்குக்கும் அதற்கும் நடுவே டைமிங் பெல்ட் இருக்கிறது. பெல்ட்டின் இழுபாடு காரணமாக உயர்ந்த சுற்றில் ஸ்பார்க் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும். தெருவில் ஓட்டும் 200 குதிரைத்திறன் காருக்கு அது போதும். இன்னும் மேலே போகும் எண்ணம் இருந்தால் கிராங்க் புல்லியிலேயே 36-1 சக்கரம் போடுங்கள். பத்து டிகிரிக்கு ஒரு பல், ஒரு பல் மட்டும் இல்லாத சக்கரம்.

எதை வைத்தாலும் டைமிங் லைட் (ஸ்பார்க் விழும்போது மின்னும் விளக்கு) வைத்துச் சரிபார்க்காமல் மேப் தொடங்க விடாதீர்கள். ஈசியூவில் இக்னிஷனை 10 டிகிரிக்குப் பூட்டிவிட்டு, லைட்டைப் புல்லியில் அடித்துப் பார்க்க வேண்டும். திரையில் 10, புல்லியில் 14 என்றால், பூஸ்டிலும் நீங்கள் கொடுப்பதாக நினைக்கும் அளவைவிட எப்போதும் நாலு டிகிரி கூடுதலாகவே போகும். டியூனர் இதைச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். செய்யாதவரிடமிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

இன்ஜெக்டர் விஷயம் சுலபம். ஒரிஜினல் நிமிடத்துக்கு 200 சிசியைச் சற்றுத் தாண்டும். உங்களுக்கு 400 சிசி அளவு வேண்டும். வாங்கும்போது அவற்றின் டெட் டைம் அட்டவணையோடு வாங்குங்கள். வோல்டேஜ் குறைந்தால் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும். அந்தத் தாமதத்தை ஈசியூவுக்குச் சொல்லாவிட்டால், ராத்திரி ஐடிலில் (கார் நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்போது) நிற்கையில், மடங்கியிருக்கும் ஹெட்லைட் மின்சாரத்தை இழுத்து மேலே எழும்பும் அந்த ஒரு நொடியில் சுற்று தொங்கி எஞ்சின் அணையப் பார்க்கும். இந்தக் காரில் அது அடிக்கடி கேட்கும் புகார். பலர் ஐடில் வால்வைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

புகையில் உள்ள ஆக்ஸிஜனை வைத்துப் பெட்ரோல்-காற்று விகிதத்தைச் சொல்லும் வைட்பேண்டு லாம்ப்டா சென்சார் கட்டாயம். பாஷ் எல்எஸ்யூ 4.9 போதும். தண்ணீர் தேங்காதபடி சாய்வாக மாட்டுங்கள். மேனிஃபோல்டு அழுத்த சென்சார் குறைந்தது 2.5 பார் வரை அளக்க வேண்டும்.

நீங்களே கற்றுக்கொண்டு மேப் போட விரும்பினால் என் கணக்கு வேறு. அப்போது மெகாஸ்க்வர்ட்தான் சொல்வேன். ப்ரூஸ் போலிங்கும் ஆல் கிரிப்போவும் ஆரம்பித்த திட்டம் அது. இந்தக் காரில் அதை ஓட்டியவர்கள் ஏராளம், அதனால் தொடக்க மேப் கேட்டால் கிடைக்கும். அதன் டியூனர்ஸ்டுடியோ மென்பொருள், காசு கட்டிய பதிப்பில், ஓட்ட ஓட்ட எரிபொருள் அட்டவணையைத் தானே திருத்தும். ஆனால் இக்னிஷனை அது திருத்தாது. பூஸ்டில் இக்னிஷன் போடும் வேலையைத் தெருவில் வைத்துக்கொள்ளாதீர்கள், அதற்கு மட்டுமாவது ரோலிங் ரோடு போங்கள்.

அப்புறம் எம்ஓடி, இங்கிலாந்தின் வருடாந்திர வாகனச் சோதனை. உங்கள் கார் 1992 ஆகஸ்டுக்கு முந்தையது என்பதால் கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை அனுமதி. நல்ல மேப்புக்கு அது பெரிய விஷயமே இல்லை. மாற்றியதை எல்லாம் இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் 1.6இன் சின்ன டிஃபரன்ஷியல் இந்த சக்தியை ரொம்ப நாள் பொறுக்காது, 1.8இன் டிஃபரன்ஷியலுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்குங்கள்.

டியூனரிடம் பேசும்போது இரண்டு விஷயத்தை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள். சிலர் மேப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுவார்கள். நாளை அவர் கடையை மூடினால் நீங்கள் மறுபடி முதலிலிருந்து காசு கட்ட வேண்டும். கோப்பைத் திறந்த நிலையில் உங்கள் லேப்டாப்பில் போட்டுத் தருவாரா என்று கேளுங்கள். இரண்டாவது, குளிர் ஸ்டார்ட். ரோலிங் ரோட்டில் எஞ்சின் எப்போதும் சூடாகவே இருக்கும், அங்கே அதைச் சரிசெய்ய முடியாது. ஜனவரி காலையில் கார் மக்கர் செய்தால் திரும்பக் கொண்டுவரலாமா, அதற்குத் தனிக் கூலியா என்று விலை பேசும் அன்றே கேட்டு வைத்துவிடுங்கள்.