நாம் பார்க்கும் விதம் நமக்கு நடப்பதை மாற்றுமா?

நம் பார்வைதான் நம் நோக்கத்தையும், கடைசியில் நமக்குக் கிடைப்பதையும் தீர்மானிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெருமளவுக்கு ஆம். மனம் பிரபஞ்சத்துக்கு ஏதோ அலை அனுப்புவதால் அல்ல. நடுவே நம் நடத்தை இருப்பதால்.

அமெரிக்க உளவியலாளர் மார்க் ஸ்னைடரும் இரு சக ஆய்வாளர்களும் மினசோட்டா பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்திய ஒரு சோதனையை 1977-இல் வெளியிட்டார்கள். ஆண்கள் ஒவ்வொருவரும் அறிமுகமில்லாத ஒரு பெண்ணுடன் தொலைபேசியில் பேச வேண்டும். முன்னதாக ஒரு புகைப்படம் காட்டப்பட்டது. சிலருக்கு அழகான முகம், சிலருக்கு அப்படியல்லாதது. எதுவுமே எதிர்முனையில் இருந்தவருடைய படம் அல்ல. பிறகு பெண்களின் குரலை மட்டும் கேட்ட நடுவர்கள், அழகி என்று நம்பப்பட்டவர்களே அதிக நட்போடு பேசியதாக மதிப்பிட்டார்கள். அந்தப் பெண்களுக்கோ படத்தைப் பற்றி எதுவும் தெரியாது! ஆணின் மனத்தில் இருந்த பொய்யான எண்ணம், அவன் பேசிய தொனி வழியாக, அவளிடம் உண்மையாகிவிட்டது.

நோக்கமும் இப்படித்தான் உருமாறுகிறது. நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர்களைப் பகையாகப் பார்த்தால், "என் திறமையைக் காட்ட வேண்டும்" என்பது "அவமானப்படாமல் தப்பிக்க வேண்டும்" என்று சுருங்கிவிடும். பிறகு பதில்களும் சுருங்கும்.

ஆனால் இனிய கற்பனை மட்டும் போதாது. 1991-இல் வெளியான எடைக் குறைப்பு ஆய்வில், வெற்றியை எதிர்பார்த்தவர்கள் அதிக எடை குறைந்தார்கள். வெற்றியை இன்பமாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே குறைந்தார்கள். நோயாளியிடம் "நீ நினைத்ததுதான் உனக்கு வந்தது" என்று சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது. அது பொய், கொடுமையும்கூட.