தேம்ஸ் கரையில் ஆறேழு மைல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மகள் இங்கிலாந்தில் ஸ்விண்டனில் இருக்கிறாள். சென்ற வருடம் நானும் மனைவியும் போய்த் தங்கியிருந்தோம். மாப்பிள்ளை லீவு போட்டுவிட்டுக் காரில் அழைத்துப் போனார். ஸ்டோன்ஹெஞ்சும் பாத்தும் ஒரே நாளில். விண்ட்ஸர், ஆக்ஸ்ஃபோர்டு இன்னொரு நாள். வழியில் பைபரி கிராமத்தில் அரை மணி நேரம். போன இடமெல்லாம் படம் எடுத்தோம். ஊருக்கு வந்து போனைத் திறந்து பார்த்தால் எது எந்த ஊர் என்று எங்களுக்கே குழம்புகிறது. ஒரு பழைய பாலம், ஒரு பழைய சர்ச், பக்கத்தில் ஒரு ஆறு. எங்கே போனாலும் இதுதானே? இதில் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது? வருகிற ஜூனில் மறுபடியும் போகிறோம். கிராமப்புறத்தில் நல்ல இடமாக நாலைந்து சொன்னால் உதவியாக இருக்கும். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

நாலைந்து இடம் கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரே ஒரு ஆற்றைத்தான் சொல்லப்போகிறேன். உங்கள் மகள் வீட்டிலிருந்து காரில் அரை மணி தூரத்தில் லெச்லேட் என்று ஒரு சிற்றூர், தேம்ஸ் கரையில் இருக்கிறது. அங்கிருந்து ஆற்றோடு கீழே ராட்காட் பாலம் வரைக்கும் ஆறேழு மைல். ஜூன் மாதம் முழுக்க இதற்கே கொடுத்தாலும் வீண் இல்லை.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம் கார் என்று நினைக்கிறேன். காரில் போய் இறங்கினால் பாலம் தனி, சர்ச் தனி, மாளிகை தனி. ஏன் இந்தப் பாலம் இங்கே இருக்கிறது, சந்தை ஏன் இந்த ஊரில் கூடியது என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது. கரையில் நடந்தால் கிடைக்கும். அந்த ஊர்களை அங்கே கொண்டுவந்து வைத்ததே ஆறுதான்.

லெச்லேடையே பாருங்கள். லண்டனிலிருந்து தேம்ஸில் ஏறிவரும் பெரிய படகுகள் அதற்கு மேல் போக முடியாது. அதனால் சுற்றுவட்டாரத்துச் சரக்கு எல்லாம் இங்கே வந்து படகேறியது. கல்லும் பாலாடைக்கட்டியும் இங்கிருந்துதான் லண்டனுக்குப் போயின. 1789-இல் மேற்கே செவர்ன் ஆற்றையும் தேம்ஸையும் ஒரு கால்வாய் இணைத்தது. அது தேம்ஸில் வந்து சேர்ந்த இடத்தில் கால்வாய்க் காவல்காரருக்காகக் கட்டிய வட்டமான கல்வீடு இன்றும் நிற்கிறது. மூன்று வருடம் கழித்து, 1792-இல், ஊருக்குள் ஒரு பாலம் வந்தது. நடந்து கடப்பவர்கள் அரைப் பென்னி கொடுக்க வேண்டும். 1839-இல் நடப்பவர்களுக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் ஹாஃப்பென்னி பாலம் என்றே நிலைத்துவிட்டது. சுங்கம் வாங்கிய குட்டி வீடு பாலத்தின் ஓரத்தில் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. பைபரியில் நீங்கள் படம் எடுத்தது கோல்ன் என்ற சிற்றாறு. அது அந்த வட்டக் கல்வீட்டுக்குப் பக்கத்தில்தான் தேம்ஸில் கலக்கிறது. போன வருடம் பார்த்த தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று இந்த வருடம் பார்த்துவிடலாம்.

ராட்காட் பக்கம் திரும்புவதற்கு முன்னால் எதிர்த் திசையில், அதாவது ஆற்றின் மேல்பக்கம், ஒரு மைல் தள்ளி இங்கிள்ஷம் சர்ச்சுக்குப் போய் வாருங்கள். இந்தப் பகுதியில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வெளியிலிருந்து பார்த்தால் வயலோரத்துச் சின்னக் கல் கட்டடம், அவ்வளவுதான். இப்போது அங்கே வழக்கமான பிரார்த்தனைகள் இல்லை. கைவிடப்பட்ட சர்ச்சுகளைப் பராமரிக்கும் அறக்கட்டளை ஒன்றின் பொறுப்பில் இருக்கிறது. பகலில் பெரும்பாலும் பூட்டியிருக்காது. தள்ளித் திறந்துகொண்டு போகலாம்.

உள்ளே போனதும் சுவர்களைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கி மாறி மாறிச் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் வந்தபோது சித்திரம் கூடாது என்று சுண்ணாம்பு அடித்து, அதன் மேல் பைபிள் வாசகங்களை எழுதினார்கள். அடுத்த தலைமுறை அதன் மேலும் சுண்ணாம்பு அடித்து வேறு வாசகம் எழுதியது. இன்று ஒவ்வொரு அடுக்கும் அங்கங்கே உரிந்து, சிவப்புக் கோட்டில் ஒரு முகம், முகத்தின் குறுக்கே கறுப்பு எழுத்து, எழுத்துக்கு ஊடாக இன்னொரு எழுத்து என்று எல்லாம் ஒன்றாகத் தெரிகின்றன. சில இடங்களில் ஏழு அடுக்கு வரை உண்டு. தெற்குச் சுவரில் தாயும் குழந்தையுமாக ஒரு கல் சிற்பம் இருக்கும். 1066-இல் நார்மன்கள் படையெடுத்து வருவதற்கு முந்தையது. மேலே இருந்து கடவுளின் கை ஒன்று குழந்தையைச் சுட்டிக்காட்டும். தரை மேடும் பள்ளமுமாக இருக்கும், பார்த்து நடங்கள். மரத் தடுப்பு போட்ட பழைய பெட்டி இருக்கைகளும் அப்படியே இருக்கின்றன.

இதெல்லாம் எப்படித் தப்பியது? 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சர்ச்சுகளைப் புதுப்பிக்கிறோம் என்று ஒரு அலை கிளம்பியது. சுவரைச் சுரண்டி வெறும் கல்லாக்கினார்கள், பழைய இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டார்கள். அதை எதிர்த்து, துணியும் சுவர்த்தாளும் வடிவமைத்த கலைஞர் வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். இடிந்து விழாமல் பழுது பாருங்கள், அதற்கு மேல் எதையும் தொடாதீர்கள் என்பதுதான் அந்தச் சங்கத்தின் கட்சி. மாரிஸின் வீடு ஆற்றின் கீழ்ப்பக்கம் பக்கத்திலேயே இருந்தது. இங்கிள்ஷம் சர்ச்சின் பழுதுபார்ப்பு 1880-களின் கடைசியில் அவர் ஆதரவோடு அந்த முறைப்படி நடந்தது. இல்லையென்றால் நீங்கள் சொல்வது போல அதுவும் இன்னொரு பழைய சர்ச்சாகத்தான் இருந்திருக்கும்.

சரி, இனி கீழ்த்திசை. லெச்லேடிலிருந்து கொஞ்ச தூரத்தில் செயின்ட் ஜான்ஸ் லாக். லாக் என்றால் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் தொட்டி. மூலத்திலிருந்து வந்தால் தேம்ஸின் முதல் லாக் இதுதான். அங்கே கையில் மண்வெட்டியோடு சாய்ந்து படுத்திருக்கும் தாடிக்காரச் சிலை தேம்ஸ் அப்பன். 1854-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸுக்காகச் செய்தது, 1974-இல் இங்கே வந்தது. சிலையை ஒரு நிமிடம் பார்த்தால் போதும். படகு ஒன்று வந்தால் மட்டும் நின்று முழுக்கப் பாருங்கள்.

ஆற்றின் மட்டம் இறங்கும் இடத்தில் இரண்டு ஜோடிக் கதவு, நடுவே கல் தொட்டி. கீழிருந்து வரும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடுவார்கள். மேல்கதவின் அடியில் உள்ள மதகைத் திறந்தால் தண்ணீர் பீறிட்டு வந்து தொட்டி நிரம்பும், படகும் கூடவே எழும்பும். கதவு இரண்டும் மேல்நீரை நோக்கிக் கூம்பி நிற்பதால் தண்ணீரின் பாரமே அவற்றை இறுக்கி மூடிவைத்திருக்கும். உள்ளும் வெளியும் மட்டம் ஒன்றாகும் வரை யார் தள்ளினாலும் அசையாது. ஒன்றானதும், கதவில் கோத்த நீண்ட உத்தரத்தில் முதுகைக் கொடுத்து ஒரே ஆள் தள்ளித் திறந்துவிடுவார். ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த காட்ஸ்டோவுக்கு மேலே உள்ள லாக் எல்லாமே இப்படிக் கையால் இயக்குபவைதான். ஆள் இல்லாத நேரத்தில் படகில் வருபவர்களே இறங்கி இயக்கிக்கொள்வார்கள். தொட்டியின் விளிம்புக்கு மட்டும் போக வேண்டாம். கல் வழுக்கும்.

இந்த வசதி வருவதற்கு முன்னால் ஆற்றின் குறுக்கே பலகைத் தடுப்புதான். பலகைகளை உருவி எடுத்தால் தேங்கிய தண்ணீர் பாய்ந்து ஓடும். இறங்கும் படகு அந்தப் பாய்ச்சலிலேயே சறுக்கிப் போகும். ஏறும் படகைக் கயிறு கட்டி இழுப்பார்கள். ஆபத்தான வேலை. தேம்ஸில் கடைசியாக இருந்த அத்தகைய தடுப்பு கெல்ம்ஸ்காட்டுக்கு அருகே ஈட்டனில் 1930-கள் வரை இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு மரப்பாலம்.

நீங்கள் நடக்கும் பாதையும் படகுகளுக்காக வந்ததுதான். ஆட்களும் குதிரைகளும் கரையில் நடந்தபடி கயிற்றால் படகை இழுத்த தடம் அது. 1996-இல் அதையும் மற்றப் பாதைகளையும் சேர்த்து, மூலத்திலிருந்து லண்டன் வரை 184 மைல் தேசிய நடைபாதையாக அறிவித்தார்கள். ஓக் மரக் காய் படம் போட்ட பலகையைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. பாதை யாரோ ஒருவரின் மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே போகும். உள்ளே போகலாமா என்று நம் ஆட்கள் பலரும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். தாராளமாகப் போகலாம். நிலம் அவருடையது என்றாலும் அந்தப் பாதையில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் சட்டப்படி உண்டு, மறிக்க முடியாது. நீங்கள் திறந்த கேட்டை மறக்காமல் மூடிவிட வேண்டும், மாடுகளுக்கும் கன்றுக்கும் ஊடே புகாமல் சுற்றிப் போக வேண்டும், அவ்வளவுதான்.

லெச்லேடிலிருந்து மூன்று மைலுக்குச் சற்று மேலே நடந்தால் கெல்ம்ஸ்காட். 1871-இல் மாரிஸ் வாடகைக்கு எடுத்த வீடு, கெல்ம்ஸ்காட் மாளிகை, இங்கே இருக்கிறது. 1600-ஐ ஒட்டிக் கட்டிய பண்ணை வீடு. கூரையைப் பாருங்கள், ஓடு கிடையாது, எல்லாம் கல் பலகை. கீழ் வரிசையில் பெரிய பலகைகள், மேலே ஏற ஏறச் சிறியவை. மாரிஸுக்கு இந்தக் கூரை மேல் தனிப் பிரியம்.

உள்ளே அவருடைய துணி வடிவங்களைப் பார்க்கும்போது நடந்து வந்த கரையை ஞாபகத்தில் வைத்திருங்கள். வழியெல்லாம் பார்த்த வில்லோ மரங்கள்தான் 1887-இல் சுவர்த்தாளில் இலை இலையாக வந்தன. தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பழங்களைத் திருடித் தின்ற பறவைகள் 1883-இல் அவருடைய மிகப் பிரபலமான துணியில் ஏறின. அந்தத் துணிக்கு வேலை அதிகம். முதலில் முழுவதையும் அவுரி நீலத்தில் தோய்த்து, பிறகு வேண்டிய இடத்தில் நீலத்தை நீக்கி மற்ற நிறங்களை ஏற்ற வேண்டும். அவுரியின் பெயரே ஐரோப்பிய மொழிகளில் இந்தியாவைக் குறிப்பதுதான், அன்றைக்கு அங்கே போன சரக்கில் பெரும்பங்கும் நம் நாட்டினுடையது. சாயம் தோய்த்த துணியை அலச நல்ல ஆற்றுநீர் வேண்டும் என்பதால் லண்டனுக்குத் தெற்கே வாண்டில் ஆற்றங்கரையில் பட்டறை வைத்தார். வாண்டில், விண்ட்ரஷ், ஈவன்லோட், கென்னட் என்று தேம்ஸில் கலக்கும் ஆறுகளின் பெயர்களையே துணிகளுக்கு வைத்தார். 1896-இல் அவர் லண்டனில் இறந்தபோது உடலை ரயிலில் லெச்லேடுக்குக் கொண்டுவந்து, வில்லோ கிளைகளாலும் கொடிகளாலும் அலங்கரித்த பண்ணை வண்டியில் ஏற்றி இந்த ஊர்ச் சர்ச்சில் அடக்கம் செய்தார்கள். நண்பர் ஃபிலிப் வெப் வடிவமைத்த கல்லறை, சின்ன வீட்டுக்கூரை போல இருக்கும்.

கெல்ம்ஸ்காட்டைத் தாண்டினால் கரையில் அங்கங்கே அறுகோணமாகச் சிமெண்டுக் கூடுகள், சுவரில் துப்பாக்கி நீட்டத் துளையோடு. 1940-இல் ஜெர்மன் படை இறங்கினால் தேம்ஸையே அரணாக வைத்துத் தடுக்கலாம் என்று கட்டியவை. சண்டை வரவில்லை. மாடுகள் அவற்றில் உரசிக்கொண்டு நிற்கின்றன.

ராட்காட்டில் உண்மையாகவே சண்டை நடந்தது. 1200-ஐ ஒட்டிக் கட்டிய அந்தக் கல் பாலம் தேம்ஸின் மிகப் பழைய பாலம் என்று பெயர் பெற்றது. 1387 டிசம்பரில் இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் ஆள் ராபர்ட் டி வேர் வடக்கிலிருந்து படையோடு லண்டனுக்கு வந்தான். மன்னனை எதிர்த்த ஹென்றி போலிங்புரூக் தரப்பு பாலத்தை உடைத்து வழியை மறித்தது. டி வேர் ஆற்றில் குதித்துத் தப்பி வெளிநாடு போனான். பன்னிரண்டு வருடத்தில் போலிங்புரூக்கே நான்காம் ஹென்றியாக அரியணை ஏறினான். பாலத்துக்குப் பக்கவாட்டில், கரையில் நின்று பாருங்கள். இரண்டு ஓரத்து வளைவுகளும் கூர்மையாக இருக்கும். நடு வளைவு மட்டும் தட்டையாக, வேறு மாதிரி இருக்கும். உடைத்த இடத்தைப் பின்னால் கட்டிய அடையாளம். 1787-இல் படகுகளுக்காகப் பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டிவிட்டதால் பழைய பாலத்தின் கீழே இப்போது போக்குவரத்து இல்லை. மேலே மட்டும் கார்கள் இன்றும் போகின்றன. லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்துக்கான பர்ஃபோர்டு பக்கத்துக் கல் இந்தத் துறையில்தான் படகேறியது.

உங்கள் மனைவி முழுத் தூரமும் நடக்க வேண்டியதில்லை. இங்கிள்ஷம் சர்ச்சுக்கும் ராட்காட் பாலத்துக்கும் கார் கிட்டத்திலேயே போகும். செயின்ட் ஜான்ஸ் லாக் சாலையிலிருந்து சிறிது நடைதான். நீங்களும் மகளும் லெச்லேடிலிருந்து கெல்ம்ஸ்காட் வரை நடந்து வாருங்கள், மாப்பிள்ளை அம்மாவைக் காரில் அங்கே அழைத்து வரட்டும். மாளிகையைச் சேர்ந்து பார்த்துவிட்டு ராட்காட்டுக்குக் காரிலேயே போகலாம். மாளிகை வருடம் முழுக்கவோ வாரம் முழுக்கவோ திறந்திருக்காது. எந்தெந்த நாள் என்று இணையத்தில் பார்த்து முன்பதிவு செய்துகொண்டு, மற்ற ஏற்பாட்டை அந்த நாளுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரம் வேண்டாம். மழை பெய்த மறுநாள் என்றால் கரை சேறாக இருக்கும், செருப்பு சரிப்படாது, நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். நெட்டில் என்ற செடி பாதையோரம் நிறைய வளரும், தொட்டால் அரிக்கும். முழுநீளக் கால்சட்டை நல்லது.

அன்புடன்