எஸ்.ஏ.பி. படிப்புக்காக நகையை அடகு வைக்கலாமா?

பாலக்கோட்டிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

மகள் தர்மபுரியில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறார். பெங்களூரில் ஒரு பயிற்சி நிறுவனம், கம்பெனிகள் பயன்படுத்தும் எஸ்.ஏ.பி. என்ற மென்பொருளைச் சொல்லித்தரும் கோர்ஸுக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறது, நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்கிறது, நகையை வைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வைக்க வேண்டாம். இந்த மென்பொருள் ஒரு கம்பெனிக்குள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால், காரணம் உங்களுக்கே விளங்கிவிடும்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையை எடுத்துக்கொள்வோம். மே கடைசியிலிருந்து ஜூலை வரை கிளிமூக்கு மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கும். எடை போட்டு, தரம் பிரித்து, கூழாக்கி, பரிசோதனைக் கூடத்தில் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு பார்த்து, 215 கிலோ டிரம்மிலோ 3.1 கிலோ டின்னிலோ அடைப்பார்கள். காய் வருவது இரண்டு மூன்று மாதம், கூழ் விற்பது வருடம் முழுக்க. எடைச்சீட்டு கேட்டில் ஒரு நோட்டில் இருக்கும், மண்டிக்காரர் பாக்கி டேலியில் இருக்கும், உற்பத்திக் கணக்கு யாரோ ஒருவருடைய எக்செல்லில் இருக்கும், லேப் ரிப்போர்ட் தனி ஃபைலில் கிடக்கும். வெளிநாட்டில் கூழ் வாங்கியவர், "இந்த டிரம்மில் இருப்பது எந்தத் தேதியில் வந்த காய்?" என்று ஒரு மெயில் போட்டால், நாலு பேர் நாலு இடத்தில் தேட வேண்டும்.

எஸ்.ஏ.பி. போன்றவற்றை ஈ.ஆர்.பி. மென்பொருள் என்பார்கள். அது இந்த நாலையும் ஒரே கணக்காக்கிவிடுகிறது. எடைமேடையில் ஒருவர் போடும் எண்ட்ரிதான் ஸ்டோர்ஸில் இருப்பாகவும், கணக்குப் பிரிவில் கொடுக்க வேண்டிய பாக்கியாகவும், உற்பத்தியில் பேட்ச் எண்ணாகவும் தெரியும். பில்லைப் பாஸ் செய்யும்போது ஆர்டர் போட்ட அளவு, வந்து இறங்கிய அளவு, பில்லில் இருக்கும் அளவு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று அதுவே பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் பணம் நிற்கும். முதலாளிகள் இதற்குச் செலவு செய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. ஏமாற்று குறைகிறது, மாதக் கடைசியில் கணக்கு முடிக்க ராத்திரி உட்கார வேண்டியதில்லை.

எஸ்.ஏ.பி. என்பது 1972-ல் ஜெர்மனியில், ஐ.பி.எம்.மிலிருந்து விலகிய ஐந்து பேர் தொடங்கிய கம்பெனி. பெரிய ஆலைகளில் அது அதிகம். ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ், ஒடூ, மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்று மற்றவையும் உண்டு. சின்ன யூனிட்டுகளையும் இந்தப் பக்கம் தள்ளியது ஜி.எஸ்.டி.தான். 2017 ஜூலை 1-ல் அது வந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் வருட விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற நிறுவனங்களுக்குப் போடும் பில்லை இ-இன்வாய்ஸாக, அதாவது அரசுத் தளத்தில் பதிவு செய்து போட வேண்டும் என்று ஆனது. கையால் பில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும் வேறு வழியில்லை. ஓசூர் சிப்காட் பக்கம் பெரிய வாகனக் கம்பெனிக்கு உதிரி பாகம் கொடுக்கும் வெண்டாருக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. எத்தனை பீஸ், எந்த நாள், எந்த லேபிளோடு என்று அவர்கள் அனுப்பும் ஷெட்யூலுக்கு இவர் சிஸ்டம் ஈடுகொடுத்தாக வேண்டும்.

இதை வாங்கிப் போட்டவர்கள் எல்லோரும் ஜெயித்துவிடவில்லை. ஜெர்மனியின் லிடில் என்ற சூப்பர் மார்க்கெட் நிறுவனம் ஏழு வருடம் வேலை செய்து, ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவழித்த பிறகு, 2018-ல் தன் எஸ்.ஏ.பி. திட்டத்தைக் கைவிட்டது. பெரிதாகப் பேசப்பட்ட காரணம் என்ன தெரியுமா? லிடில் தன் சரக்கைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டு வந்தது, மென்பொருளோ விற்பனை விலையில் மதிப்பிடும்படி அமைந்திருந்தது. பழக்கத்தை மாற்ற மாட்டோம், மென்பொருளை மாற்றுங்கள் என்று நின்றார்கள். சரக்கிருப்பு மதிப்பீடு உங்கள் மகளுடைய பி.காம். பாடத்தில் இருக்கிறது. பரீட்சைக்காக மட்டும் படித்திருந்தால், அந்தப் பாடத்தை எடுத்து இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள்.

நம்மூர் யூனிட்டுகளில் சிக்கல் இன்னும் எளிமையானது. ஒரே போல்ட் ஸ்டோர்ஸில் மூன்று பெயரில் இருக்கும். வெள்ளிக்கிழமை வந்த லோடுக்குத் திங்கட்கிழமை எண்ட்ரி போடுவார்கள். அப்புறம் பவர் பி.ஐ. என்ற மைக்ரோசாஃப்ட் ரிப்போர்ட் மென்பொருளில் கலர் கலராக ரிப்போர்ட் எடுத்து, "இந்தச் சப்ளையர் எப்போதும் மூன்று நாள் தாமதம்" என்று மீட்டிங்கில் சத்தம் போடுவார்கள். சப்ளையர் மேல் தப்பே இருக்காது. அனலிட்டிக்ஸ் என்று பெரிதாகப் பேசுகிறார்களே, அதன் அடித்தளம் கேட்டில் எண்ட்ரி போடும் பையன்தான். ஆனால் சம்பளப் பட்டியலில் அவன் கடைசியில் இருக்கிறான், அது வேறு கதை.

இனி வேலைக்கு வருவோம். இந்தத் துறையில் ஆள் தேவைப்படுவது மூன்று இடத்தில். முதலாவது, கம்பெனிக்குள் அதைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள்: கணக்கு, ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், உற்பத்தித் திட்டமிடல். இரண்டாவது, அவர்களில் விவரமானவராகத் தேர்ந்தெடுக்கப்படும் 'கீ யூசர்'. புதிய சிஸ்டம் வரும்போது தன் பிரிவின் நடைமுறையை விளக்கிச் சொல்லி, சோதித்துப் பார்த்து, மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது இவர் வேலை. மூன்றாவது, ஊர் ஊராகப் போய் மென்பொருளை அமைத்துக் கொடுக்கும் கன்சல்டன்ட். விளம்பரத்தில் காட்டும் சம்பளம் இந்த மூன்றாவது ஆளுடையது. அவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு படியில் சில வருடம் இருந்து போனவர்கள், அல்லது பெரிய ஐ.டி. கம்பெனி புதியவர்களாகச் சேர்த்துத் தன் செலவிலேயே பயிற்சி கொடுத்தவர்கள். ஒரு பர்ச்சேஸ் ஆர்டரைக்கூடக் கண்ணால் பார்க்காத 21 வயதுப் பெண்ணிடம், "உங்கள் ஆலையின் கொள்முதலை எப்படி அமைக்கலாம்?" என்று எந்த முதலாளி கேட்பார்? சர்டிஃபிகேட் மட்டும் அந்த இடத்தை நிரப்பாது.

அதனால் என் யோசனை இது. டிகிரி முடியும் வரை டேலி பிரைம், எக்செல் இரண்டையும் நன்றாகக் கற்கட்டும். எக்செல்லில் பிவட் டேபிளும் லுக்அப்பும் தடுமாறாமல் வர வேண்டும். பவர் பி.ஐ. டெஸ்க்டாப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் பாடமும் இலவசம். எஸ்.ஏ.பி.யும் தன் கற்றல் தளத்தில் நிறையப் பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது, சான்றிதழுக்குத்தான் காசு. கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் அவருக்கு என்ன கோர்ஸ் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பல பிள்ளைகள் அதை வருகைப்பதிவுக்காக மட்டும் முடிக்கிறார்கள்.

டிகிரி முடிந்ததும், ஈ.ஆர்.பி. ஓடுகிற ஒரு ஆலையில் கணக்கு உதவியாளராகவோ பட்டதாரி அப்ரென்டிஸாகவோ சேரட்டும். முதல் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், அதை முன்பே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூருக்குப் பெண்ணைத் தனியாக அனுப்பத் தயக்கம் என்றும் எழுதியிருந்தீர்கள். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ரயிலும் பஸ்ஸும் இருக்கின்றன, ஆனாலும் தினமும் போய்வருவது சிரமம். விடுதியை நீங்களும் அம்மாவும் நேரில் பார்த்துச் சேர்த்துவிடுவது நல்லது. அது முடியாது என்றால் கிருஷ்ணகிரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலோ மாங்கூழ் ஆலையிலோ தொடங்கலாம்.

இரண்டு வருடம் கழித்து, எந்தப் பிரிவில் வேலை பிடித்திருக்கிறதோ எஸ்.ஏ.பி.யில் அதற்கான மாட்யூலை, அதாவது அந்தப் பிரிவுக்குரிய பகுதியைப் படிக்கட்டும். கணக்கு என்றால் எஃப்.ஐ.சி.ஓ., கொள்முதல், ஸ்டோர்ஸ் என்றால் எம்.எம். அப்போது ஃபீஸை அவர் சம்பளத்திலேயே கட்டிவிடலாம், கம்பெனியே கட்டினாலும் ஆச்சரியமில்லை. ஏ.ஐ. வந்து இந்த வேலையெல்லாம் போய்விடுமா என்ற உங்கள் கேள்விக்கு: வெறும் எண்ட்ரி வேலை குறையத்தான் செய்யும். எண்ட்ரி ஏன் தப்பாக இருக்கிறது என்று ஸ்டோர்ஸுக்கு நடந்துபோய்ப் பார்த்துச் சொல்லும் ஆளுக்குத் தேவை இருக்கும்.

அந்தப் பயிற்சி நிறுவனத்தார் திரும்ப போன் செய்தால் மூன்று விஷயம் கேளுங்கள். சொல்லித்தருவது எஸ்.ஏ.பி.யின் புதிய பதிப்பான எஸ்/4 ஹானாவா, பழைய பதிப்பான ஈ.சி.சி.யா? ஈ.சி.சி. என்றால் அதற்கான வழக்கமான பராமரிப்பு 2027 கடைசியோடு முடிகிறது. போன பேட்ச்சில் அனுபவமே இல்லாத பி.காம். பிள்ளைகள் எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் சேர்ந்தார்கள், அவர்களில் இருவரிடம் நீங்கள் நேரில் பேச முடியுமா? பிளேஸ்மென்ட் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்பதை எழுத்தில் தருவார்களா? ஒழுங்கான பதில் வந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், பார்க்கலாம். "இன்றைக்கே கட்டினால் இருபதாயிரம் தள்ளுபடி" என்றார்கள் என்றால் போனை வைத்துவிடுங்கள்.