புலமைக்குக் கிடைத்த பரிசில்

கேள்வி: வணிக மேலாண்மை படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பெரிய பெயர். கடன் வாங்கித்தான் சேர வேண்டும். இன்னொன்று சுமாரான பெயர், முழு உதவித்தொகை. 'இலவசமாகப் படித்தவள்' என்று பின்னால் யாரும் இளக்காரமாகப் பேசுவார்களோ என்று தயக்கம். எதில் சேரட்டும்?

பதில்: முதலில் அந்த 'இலவசம்' என்ற சொல்லைத் தூக்கிப் போடுங்கள். 'உதவித்தொகை' என்ற சொல்லோடும் எனக்குப் பழைய சண்டை உண்டு. பாவம் பார்த்துக் கொடுத்த மாதிரி ஒலிக்கிறது. இலங்கைத் தமிழர்கள் 'புலமைப்பரிசில்' என்கிறார்கள். எவ்வளவு அழகு! இதை எழுதும்போதெல்லாம் 'வாயில் நுழையவில்லை' என்று ஒரு வாசகர் கடிதம் போடுவார். நாலு தடவை சொல்லிப் பாருங்கள் ஐயா, நுழையும்.

மலைகளைக் கடந்து அதியமானிடம் பரிசில் பெற வந்தார் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார். அவன் நேரில் பார்க்காமல் பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். 'காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்று மறுத்துவிட்டார் புலவர் (புறநானூறு 208). என்னைப் பார்க்காமலே தந்த பொருளை வாங்கிப் போக நான் வியாபாரி இல்லை என்று அர்த்தம். தகுதி அறிந்து தந்தால் தினையளவும் இனிது என்றார். உங்கள் விண்ணப்பத்தைப் படித்து, இந்தப் பெண் நம்மிடம் படிக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதானே தருகிறார்கள்? அது அறிந்து தந்த பரிசில். தலைநிமிர்ந்து வாங்குங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 10 சதவீதக் கூட்டு வட்டியில், கட்டாமல் விட்ட கடன் ஏழு வருடம் தாண்டியதுமே இரட்டிப்பாகிவிடும். படித்து முடித்ததும் பிடித்த வேலைக்குப் போவதா, சொந்தத் தொழில் தொடங்குவதா என்று யோசிக்கவே மாதத் தவணை விடாது.

பெரிய பெயருக்கு மதிப்பே இல்லையா? 1976-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களைப் பற்றி ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே மாதிரி கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களில், பெரிய கல்லூரிக்குப் போனவர், போகாதவர் இருவருடைய சம்பளமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி கைகொடுத்தது. நீங்கள் அந்த ரகம் என்றால், உங்களுக்கு வந்த உதவித்தொகைக் கடிதத்தைக் காட்டிப் பெரிய கல்லூரியிலேயே கட்டணச் சலுகை கேட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

அப்புறம், உதவித்தொகைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். விடுதிச் செலவு அதில் சேர்த்தியா? வருடா வருடம் எத்தனை மதிப்பெண் எடுத்தால் அது தொடரும்? ஒரு பருவம் சறுக்கினால் நிறுத்திவிடுவார்களா? பதில்கள் திருப்தியாக இருந்தால் இந்த வாரமே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.