எலக்ட்ரிக் கிட்டாருக்குக் குறைந்த விலையில் வயர்லெஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

கிட்டாரில் செருகும் சின்ன டிரான்ஸ்மிட்டர், ஆம்ப்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி) செருகும் ரிசீவர்: இந்த ஜோடிதான் வயர்லெஸ் சிஸ்டம். கேபிளின் வேலையை ரேடியோ அலை செய்கிறது.

விலை குறைந்தவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வைஃபையும் அங்கேதான். கல்யாணப் பந்தியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்து இலைக்காரர் சொல்வதே காதில் விழாது அல்லவா? கூட்டம் நிறைந்த அரங்கில் சிக்னல் அறுபடுவதும் அப்படித்தான். வீட்டுக்கும் சிறு மேடைக்கும் 2.4 தாராளம். நெரிசலான இடங்களில் வாசிப்பவர்கள் 5.8 கிகாஹெர்ட்ஸ் பார்க்கலாம். ஆனால் ஆள் குறுக்கே வந்தால் அது சீக்கிரம் தடைபடும்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது பிளக்கைத்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டார் மாடலில் ஜாக், அதாவது பிளக் செருகும் துளை, ஒரு குழிக்குள் சாய்வாக இருக்கும். திருப்ப முடியாத பிளக் என்றால் முட்டிக்கொண்டு நிற்கும். ஆக்டிவ் பிக்கப் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும், பேட்டரியில் இயங்கும் பாகம்) உள்ள கிட்டாரா? அதற்குப் பொருந்தும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் இரைச்சல் வரலாம்.

அப்புறம், வயர்லெஸ் என்றாலே புளூடூத் ஹெட்ஃபோன் மாதிரி ஒலி பிந்தி வரும் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இவற்றில் தாமதம் சில மில்லிசெகண்ட்தான். ஒலி காற்றில் வந்து சேரவும் நேரம் ஆகும் அல்லவா? 5 மில்லிசெகண்ட் என்றால், ஆம்ப்பிலிருந்து ஏறக்குறைய 1.7 மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம்.