டாட்சன் 240இசட்: வீட்டில் செய்த காயில்-ஓவரும் விடாத சத்தங்களும்

பழைய டாட்சன் 240இசட் கார் கையில் இருந்தால் சும்மா இருக்க முடியாது. முன்னாலும் பின்னாலும் ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பரை உள்ளே வைத்து ஸ்பிரிங்கைத் தாங்கும் குழாய். ஸ்பிரிங் உட்காரும் தட்டை அறுத்தெடுத்து, மரை போட்ட குழாய் ஒன்றை மாட்டி, இரண்டரை அங்குல ஸ்பிரிங்கை வைத்தால் உயரத்தைத் திருகியே மாற்றலாம். இதுதான் வீட்டுக் காயில்-ஓவர். சனி, ஞாயிறில் முடிகிற வேலை என்பார்கள். முடியும்தான். திங்கட்கிழமை வண்டியை எடுக்கும்போது தொடங்குகிற தொல்லைகள்தான் கீழே உள்ள கேள்விகள். 1969 முதல் 1973 வரை வந்த வண்டியை வைத்துச் சொல்கிறேன்.

வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். எல்லா நட்டையும் இறுக்கியாயிற்று, போகவில்லை. எங்கே தேடுவது?

ஜாக்கி போட்டுச் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிடுங்கள். இப்போது ஸ்பிரிங்கைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் ஆள் அகப்பட்டுவிட்டான். ஷாக் முழுதாக நீளும்போது ஸ்பிரிங்கின் நீளம் போதவில்லை; அது தட்டை விட்டுக் கிளம்பி, திரும்ப உட்காரும்போது தட்டுகிறது. கொஞ்சம் நீளமான ஸ்பிரிங் போடலாம், அல்லது மேலே ஒரு மெல்லிய ஹெல்பர் ஸ்பிரிங் சேர்க்கலாம். கம்பி வைத்துக் கட்டுகிற வேலை மட்டும் வேண்டாம்.

ஸ்பிரிங் அசையவில்லையா? அப்படியானால் சத்தம் குழாய்க்குள்ளே. இந்த வண்டியில் ஷாக் என்பது ஸ்ட்ரட் குழாய்க்குள் இறங்கும் தனி உருளை. மேலே ஒரு பெரிய நட்டு அதைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. வேறு வண்டியின் உருளையைப் போட்டிருந்தால் அது சற்றுக் குட்டையாக இருக்கும். நட்டு குழாயின் விளிம்பில் போய் முட்டி நிற்கும்; நீங்கள் ஸ்பேனரை எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இருப்பது இறுகாது, லொடலொடத்துக்கொண்டே இருக்கும். நட்டை முழுதாக இறுக்கிய பிறகும் நட்டுக்கும் குழாய் விளிம்புக்கும் நடுவே 1 அல்லது 2 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உருளைக்கு அடியில் சரியான தடிமனில் லேத்தில் ஒரு ஸ்பேசர் கடைந்து போடுங்கள்.

எனக்கும் 'டங்' சத்தம்தான், ஆனால் பின்னால். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் வருகிறது.

காயில்-ஓவரை விட்டுவிடுங்கள். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் முன் ரப்பர் மவுண்ட் பிய்ந்திருக்கும். இந்த வண்டியின் ஊரறிந்த நோய் இது. அப்புறம் அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஆஃப் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டுகளையும் ஆட்டிப் பாருங்கள்.

இரண்டு அங்குலம் இறக்கினேன். சின்னப் பள்ளத்துக்கே முதுகெலும்பு அதிர்கிறது. ஸ்பிரிங் கடினம் என்று நினைத்து மென்மையானது வாங்கிப் போட்டேன், முன்னைவிட மோசம்!

மோசமாகத்தான் ஆகும். உங்களுக்கு இடிப்பது ஸ்பிரிங் அல்ல. தட்டை மட்டும் 50 மில்லிமீட்டர் கீழே இறக்கினால் ஷாக்கின் தண்டு அவ்வளவு தூரம் உள்ளே போய்த்தான் நிற்கும். மேலே போக வேண்டிய பயணத்தில் பெரும்பகுதி வண்டி நிற்கும்போதே செலவாகிவிட்டது. மிச்சம் இருப்பதைப் பள்ளம் ஒரே அடியில் தின்றுவிட்டு, பயணத்தின் கடைசியில் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பில் மோதுகிறது. மென்மையான ஸ்பிரிங் இன்னும் அமுங்கும், இன்னும் சீக்கிரம் மோதும்.

சோதிக்கச் செலவே இல்லை. ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, உருளையின் வாய்வரை தள்ளிவிட்டு, வழக்கமான சாலையில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். டை மேலே ஏறிப் பம்ப் ஸ்டாப்பை ஒட்டி நின்றால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு, வண்டியை இறக்கிய அளவுக்குக் குழாயையும் அறுத்துக் குறைத்து, அதற்கேற்ற குட்டை உருளை போடுவது. குழாயை அறுக்காமல் குட்டை உருளையை வாங்கி அடியில் ஸ்பேசர் வைத்து ஒப்பேற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். பயன் இல்லை. குழாயின் வாய் பழைய உயரத்திலேயே இருக்கிறது, அதனால் தண்டு உள்ளே போகும் அளவும் பழையபடிதான். அறுக்க மனமில்லை என்றால் அரை அங்குலம், முக்கால் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1971, 1973 இரண்டு ஆண்டும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்றது இதே 240இசட்தான். தரையை ஒட்டி இறக்கிய வண்டியாக இருந்தால் அந்தச் சாலைகளில் ஒரு நாள் தாங்கியிருக்காது.

ஜப்பானிலிருந்து பழைய ஸ்பிரிங் மலிவாகக் கிடைத்தது. 8 என்று எழுதியிருக்கிறது. மாட்டியதும் வண்டி குதிரை மாதிரி துள்ளுகிறது.

அந்த 8, ஒரு மில்லிமீட்டருக்கு 8 கிலோ. அமெரிக்கக் கணக்கில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 450 பவுண்ட். சாலையில் ஓடும் 240இசட்டுக்கு 200 பவுண்டே விறைப்புதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி சுமார் 1,050 கிலோ. சக்கரம், பிரேக் எல்லாம் கழித்தால் ஒரு மூலை ஸ்பிரிங்கின் மேல் ஏறக்குறைய 225 கிலோ. 200 பவுண்ட் ஸ்பிரிங் இந்த எடைக்கு 63 மில்லிமீட்டர் அமுங்கும், உடல் நொடிக்கு 2 முறை ஆடும். உங்களுடையது 28 மில்லிமீட்டர்தான் அமுங்கும், நொடிக்கு 3 முறை ஆடும். அது பந்தயத் தளத்துக்கான கணக்கு. சாலைக்கென்று செய்த ஷாக்கால் அந்த ஸ்பிரிங்கை அடக்க முடியாது, அதனால்தான் துள்ளல். விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள்.

நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று கம்பி தெறிப்பது போல் ஒரு சத்தம்.

முன் ஸ்ட்ரட் ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுழல வேண்டும். சக்கரத்தின் சாய்வை மாற்ற ஸ்ட்ரட்டின் மேல்முனையில் கேம்பர் பிளேட் போட்டிருப்பீர்கள். அதன் உருண்டை பேரிங் தண்டைத் திருப்ப விடுகிறது, ஆனால் ஸ்பிரிங்கின் மேல்தட்டு பிளேட்டில் அழுந்திக் கிடக்கிறது. ஸ்பிரிங் முறுக்கேறி முறுக்கேறி ஒரு கட்டத்தில் வழுக்குகிறது. தட்டுக்கு மேலே ஒரு தட்டையான ஊசி பேரிங்கும் இரண்டு கடின வாஷரும் வையுங்கள், ஸ்டியரிங்கும் லேசாகும். மாதக்கணக்கில் பவர் ஸ்டியரிங் கனவு கண்டுகொண்டிருந்தவர்கள் உண்டு.

அலுமினிய மரைக்குழாயை ஸ்ட்ரட்டில் வெல்டிங் செய்யச் சொன்னேன். வெல்டர் முடியாது என்கிறார்.

நல்ல வெல்டர், விட்டுவிடாதீர்கள். அலுமினியமும் இரும்பும் அப்படிச் சேராது. ஸ்ட்ரட்டில் ஒரு இரும்பு வளையத்தைச் சுற்றிலும் வெல்டிங் செய்து, அதன் மேல் அலுமினியக் குழாயைச் செருகி உட்கார வைப்பதுதான் முறை. எடை அதைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

வெல்டிங்கிற்கு முன் ஷாக்கை வெளியே எடுத்து, குழாய்க்குள் ஒட்டியிருக்கும் பழைய எண்ணெயைச் சுத்தமாகக் கழுவித் துடையுங்கள். உள்ளே ஷாக் இருக்க வெளியே வெல்டிங் பிடிப்பது வெடிகுண்டைச் சூடாக்குவதற்குச் சமம். ஒரே மூச்சில் சுற்றி ஓட்டாமல், எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் குழாய் வட்டம் இழந்து உருளை உள்ளே இறங்காது. திரும்ப மாட்டும்போது உருளையைச் சுற்றிக் கொஞ்சம் எண்ணெய் ஊற்ற மறக்க வேண்டாம். ஷாக்கின் சூட்டை வெளிக்குழாய்க்குக் கடத்துவது அதுதான்.

பம்ப் ஸ்டியருக்கு (சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்புவதற்கு) என்று விற்கும் பம்ப் ஸ்டியர் ஸ்பேசர் போட்டும் மேடு பள்ளத்தில் வண்டி தானாகத் திரும்புகிறது.

பெயரைப் பார்த்து ஏமாந்தீர்கள். அந்த ஸ்பேசர் ஸ்ட்ரட்டின் அடிக்கும் ஸ்டியரிங் ஆர்முக்கும் நடுவே உட்கார்வதால் சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனையையும், ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் வெளிமுனையையும் சேர்த்தே கீழே இறக்குகிறது. இறக்கிய வண்டியில் ரோல் சென்டரை (வளைவில் உடல் சாயும் மையத்தை) மேலே கொண்டுவர அது நல்ல சாமான். ஆனால் ஆர்முக்கும் டை ராடுக்கும் இடையிலான கோணம் மாறினால்தானே திருப்பம் மாறும்? ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் அங்குலம் அங்குலமாக ஏற்றி ஒவ்வொரு உயரத்திலும் டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) எவ்வளவு மாறுகிறது என்று எழுதுங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் டை ராடை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்த்துவது என்று தெரியும்.

இரண்டு பக்கமும் மரையை எண்ணி ஒரே உயரத்தில் வைத்தேன். ஆனாலும் பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறது.

முதலில் பிரேக்கையும் டயர் காற்றையும் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது எடை. ஐம்பது வயதுத் தகரம் இரு பக்கமும் ஒன்றாக இருக்காது, ஓட்டுபவரும் நடுவில் உட்காருவதில்லை. இரு பக்கத்தையும் இணைத்து வண்டியின் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் ஒரு லிங்க்கைக் கழற்றிவிட்டு, நீங்கள் சீட்டில் இருக்க நான்கு சக்கரத்தையும் தராசில் ஏற்றி, எதிரெதிர் மூலைகளின் கூட்டு எடை சமமாகும்வரை, ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை வளையங்களைத் திருகுங்கள். ஒவ்வொரு முறை திருகிய பிறகும் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு எடை பாருங்கள்.

குளிர்காலம் முடிந்து பார்த்தால் வளையம் திரும்பவே மறுக்கிறது.

சாலை உப்பின் வேலை. மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருநீக்கி எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள். ஜாக்கியில் தூக்கி ஸ்பிரிங்கின் பாரம் இறங்கிய பிறகே திருகுங்கள். பாரத்தோடு திருகினால் அலுமினிய மரை உரிந்துவிடும். திரும்பியதும் மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவி, மரை தெரியும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிவிடுங்கள்.